தூசின்னு சொல்லிட்டேன்

அந்தப் பையனுக்கு எட்டு வயசு, உசிலம்பட்டி பக்கம். கீழ் இமையை இழுத்தா மூக்கு ஓரமா சின்னக் கோழிக்கொண்டை மாதிரி ஒண்ணு காம்போட தொங்குச்சு, ஸ்லிட் லாம்ப்ல, அதான் கண்ணப் பெருசாக் காட்டுற மைக்ரோஸ்கோப்ல பாத்தா மேலெல்லாம் குண்டூசி குத்துன மாதிரி செவப்புப் புள்ளி. பாப்பிலோமா, கண்ணுல வர்ற மருதான். கோயில்ல உப்பு மிளகு கொட்டியாச்சாம், கையில காலுல வந்திருந்தா குதிரை முடியக் கட்டி விட்டிருப்போம், கண்ணாப் போச்சேன்னுதான் வந்தோம்னு அப்பத்தா சொல்லுச்சு.

கண் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பத்தி வெளக்கிச் சொல்றதுதான் என் டேபிள் வேலை. ஆனா அவங்க எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்ல பாடம் எடுத்திருக்காரு, ஹெச்பிவி வைரஸ், 6, 11 டைப், பொறக்கும்போது தாய்கிட்ட இருந்தும் வரலாம், கை வழியாவும் வரலாம்னு. பையனோட அம்மா காதுல அதுல "மதர்" மட்டும் விழுந்திருக்கு. உக்காந்ததும் மெதுவா கேட்டாங்க, "மேடம், இது எங்கிட்ட இருந்து வந்ததா?"

பின்னாடி அப்பத்தா நிக்குது. நான் யோசிக்கவே இல்ல. "அதெல்லாம் இல்லக்கா, வைரஸ்தான, தூசியில காத்துல எங்கருந்து வேணாலும் வரும்"னுட்டேன்.

இது தப்பான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. இதே வைரஸ்ல 16, 18 டைப்தான் கர்ப்பப்பை வாய் கேன்சருக்குப் பெரிய காரணம், போன்ல தேடுனா அதுதான் மொதல்ல வரும், கூடவே அது உடலுறவு வழியாப் பரவும்ங்கிறதும். அந்த மாமியார் முன்னாடி நான் வேற என்ன சொல்லியிருக்கணும்? வீட்டுக்குப் போனதும் என்ன பேச்சு வந்திருக்கும்னு எனக்குத் தெரியும், எங்க வீட்லயும் மாமியார் உண்டு. ஆனா எங்கருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாதுக்கான்னு சொல்லியிருக்கலாமே, அதுதான உண்மை. ஒரு பிள்ளைக்கு எப்படித் தொத்துச்சுன்னு பெரும்பாலும் யாராலயும் சொல்ல முடியாது. அந்த டேபிள்ல உக்காந்துக்கிட்டு தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு. கட்டியத் தொடாம சுத்தி இருக்க சவ்வோட சேத்து எடுக்கணும், அடியில உறைய வைக்கணும், இல்லன்னா வைரஸ் பக்கத்துல ஒட்டி புதுசா மொளைக்கும். எடுத்தது பயாப்சிக்குப் போச்சு, கேன்சர் இல்லன்னு வந்துச்சு. திரும்ப வரலாம்னு அன்னைக்கே சொன்னேன், சத்தியமாச் சொன்னேன், ஃபைல்லயும் எழுதியிருக்கேன்.

ஆறு மாசம் கழிச்சு வந்தாங்க. பையன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், அவன் மூஞ்சிக்கு ரெண்டு சைஸ் பெருசு, ரப்பர் பேண்ட் வச்சு பின்னாடி கட்டியிருந்தாங்க. தூசி படக்கூடாதுன்னு ஆறு மாசமா கிரவுண்டு பக்கமே விடலையாம். ஸ்கூல்லயும் பீட்டி பீரியட்ல கிளாஸ்லயே உக்காந்திருப்பானாம். இமையை இழுத்துப் பாத்தா ரெண்டு இடத்துல மொளைச்சிருக்கு.

அப்பத்தா ஆரம்பிச்சுச்சு, "ஏத்தா, நீ தூசின்னு சொன்ன, இவ பிள்ளைய ஒழுங்கா வீட்டுக்குள்ள வச்சாளா, ரெண்டு நாளு தெருவுல நின்னானாம்." அந்தம்மா தலை நிமிரல. எந்தப் பேச்சு வரக்கூடாதுன்னு நான் பொய் சொன்னேனோ அது நேரா இங்க வந்து நிக்குது. நிஜத்தச் சொல்லியிருந்தா இதவிட மோசமாயிருக்கும்னும் தோணுது. இல்ல, அது நான் எனக்குச் சொல்லிக்கிற சமாதானமா? அந்தம்மா தனியா வந்திருந்தா உண்மையச் சொல்லியிருப்பேனான்னு கேட்டா, அதுக்கும் எங்கிட்ட பதில் இல்ல.

இந்த தடவை ஆபரேஷனோட, வைரஸை எதிர்க்கிற இன்டர்ஃபெரான் சொட்டு மருந்தும், நாளைக்கு நாலு வேளை. குளிர்ல வைக்கணும். "வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்காக்கா?"ன்னு கேட்டேன். இல்லையாம், பக்கத்துக் கடையில கேட்டுப் பாக்குறோம்னாங்க, அப்ப ராத்திரி கடை சாத்திட்டா கடைசி வேளை என்ன பண்றதுன்னு அதப் பேசிக்கிட்டிருந்தோம்.

பையன் நடுவுல, "நான் வெளையாடப் போகலாமா?"ன்னு கேட்டான்.

"காயம் ஆறுனதும் போ"ன்னேன்.

"அப்ப தூசி?"ன்னு அப்பத்தா கேட்டுச்சு. அந்தம்மா அப்பத்தான் தலை நிமிந்து என்னப் பாத்தாங்க.