993, 1298

நவம்பர் 4

என் பழைய மாருதி ஜென் காரின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தோம். 165, 170, 165. நான்காவது சிலிண்டரில் மட்டும் 110 பிஎஸ்ஐ. பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். 150க்கு ஏறியது. அப்படியானால் கசிவது வால்வில் இல்லை, பிஸ்டன் ரிங்கில்தான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் இருந்து நான் சொல்லச் சொல்ல, போர்ட்டிகோவில் மாப்பிள்ளை கேஜைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா மகனுக்குக் கல்லூரி விடுமுறை. எனக்குக் கையும் காலும் அவன்தான்.

"ஏனுங்க, முழங்காலுக்கு ஐஸ் வெச்சாச்சா?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. வைக்கவில்லை.

நவம்பர் 5

முழங்கால் மடங்குவது 70 டிகிரி. அதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 7

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனார். "சிலிண்டரைப் போர் அடிச்சுப் பெருசாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஏத்திருவோமுங்க. அது பாட்டுக்கு ஓடும். எதுக்கு வம்பு?" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். இந்த ஊரில் லேத்துக்கும் போர் அடிப்பவருக்கும் பஞ்சமா? ஆனால் எப்படியும் இஞ்சினை இறக்கத்தான் போகிறோம். இறக்கிய பிறகு அதையேதான் ஏற்ற வேண்டுமா என்ற கேள்வி வந்துவிட்டது. வந்த பிறகு போக மாட்டேன் என்கிறது.

என்னுடையது 97 மாடல் ஜென். ஜி10பி இஞ்சின், 993 சிசி, கார்புரேட்டர், 50 குதிரை. அதே ஜி குடும்பத்தின் பெரியவன் மாருதி எஸ்டீமில் இருந்தவன், 1298 சிசி. ஜென்னில் போர், அதாவது சிலிண்டரின் அகலம், 72 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 61. எஸ்டீமில் 74, 75.5. அகலம் இரண்டே மில்லிமீட்டர்தான் கூடுகிறது. வித்தியாசம் முழுக்க ஸ்ட்ரோக்கில் இருக்கிறது, அதனால் பிளாக்கும் உயரம். பானட்டுக்கும் ஏர் கிளீனருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அளக்க வேண்டும். மற்றபடி கியர்பாக்ஸ் வந்து சேரும் பெல் ஹவுசிங் துளைகள் பொருந்தும். ஜென் கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால் டிரைவ் ஷாஃப்ட்டைத் தொட வேண்டியதில்லை. கிளட்ச், ஃபிளைவீல் எஸ்டீமுடையது. ரேடியேட்டர் பெரியதாக வேண்டும்.

இதையெல்லாம் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று. ஒட்டியது மாப்பிள்ளை. எட்டிப் பிடிக்க என்னால் ஆகவில்லை.

நவம்பர் 8

தூக்கம் இல்லை. எண்ணூறு கிலோ கூட இல்லாத காரில் 85 குதிரை. இரவு இரண்டு மணிக்கு இந்தக் கணக்கு ரொம்ப அழகாக இருக்கிறது.

நவம்பர் 10

65ஆ, 85ஆ? எஸ்டீமிலேயே இரண்டு வகை உண்டு. முதலில் வந்தது கார்புரேட்டர், 65 குதிரை. பிறகு எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இஞ்செக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுவது, 85. முதலாவதை ஏற்றுவது சுலபம். இருக்கிற பெட்ரோல் பைப், இருக்கிற வயரிங், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், முடிந்தது கதை. இரண்டாவதற்கு இசியூ என்கிற இஞ்சின் கம்ப்யூட்டர் வேண்டும், முழு வயரிங் வேண்டும், எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சார் வேண்டும். டேங்குக்குள் மின்சாரப் பம்பு உட்கார வேண்டும். என் காரில் இருப்பதோ இஞ்சினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்பு, அது தரும் அழுத்தம் இஞ்செக்டருக்கு எந்த மூலைக்கும் காணாது. சாவியில் சிப் வந்த மாடலென்றால் அந்தச் சாவியும் சேர்ந்தே வர வேண்டும். இல்லாவிட்டால் இசியூ நம்மைத் திருடனாக நினைத்து ஸ்டார்ட் ஆகாது.

இஞ்சின் மட்டும் வாங்கி வந்து, அதன் வயரிங்கை யாரோ கட்டரால் நறுக்கியிருப்பதைப் பார்த்து அழுபவர்களைக் கண்டிருக்கிறேன். வாங்கினால் முழு வண்டியாக வாங்க வேண்டும், அல்லது கண்ணெதிரே கழற்ற வேண்டும். கண்ணெதிரே! நான் இருக்கும் இருப்பில்.

நவம்பர் 12

74. பிசியோ சொன்னார்: "கிளட்ச் மிதிக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டு அழுத்துங்க சார்." யார் இவருக்குச் சொன்னது? மாப்பிள்ளையாகத்தான் இருக்கும். கிளட்ச் என்றதும் ஒரு நொடி வலி தெரியவில்லை என்பது நிஜம். அடுத்த நொடி தெரிந்தது.

மாப்பிள்ளை, "உங்க கால் மாதிரியேதான் மாமா இந்த வண்டியும்" என்று ஆரம்பித்தான். பேச்சை மாற்றினேன்.

நவம்பர் 14

பெட்ரோல் பற்றி யோசித்தேன். இப்போது பங்கில் வருவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் ஆக்சிஜன். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் துளையின் அளவு 97இல் இருந்த பெட்ரோலுக்குப் போட்டது, அது மாறாது. அதனால் கலவை மெலிகிறது, இஞ்சின் சூடாகிறது, காலையில் சோக் இழுத்தாலும் இருமுகிறது. எம்பிஎஃப்ஐயில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து, இசியூ கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிடும். பழைய ரப்பர் ஹோஸ்கள் வேறு எத்தனாலில் ஊறி உப்புகின்றன. போன மழைக்காலத்தில் கார்புரேட்டர் அடியில் ஈரம் இருந்ததே, அதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது அடித்துச் சொல்வேன்.

ஆக, 65 வேண்டாம். கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்னொரு கார்புரேட்டரை வைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. எம்பிஎஃப்ஐதான்.

அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "செரி" என்றார். அந்தச் செரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 16, ஞாயிறு

மாப்பிள்ளையை உக்கடம் அனுப்பி வைத்தேன். காயலான் கடைகளில் வீடியோ காலில் என்னை ஏந்திக்கொண்டு நடந்தான். வரிசையாக இஞ்சின்கள், மழைத் தண்ணீர் தேங்கிய டிரேக்கள், டயர் அடுக்கு, ஒரு பூனை. ஒரு கடையில் எஸ்டீம் இஞ்சின் இருந்தது. கிராங்க் புல்லியைப் போல்ட்டோடு திருப்பிப் பார்க்கச் சொன்னேன், திரும்பியது. ஆயில் மூடியைக் கழற்றி உள்ளே காட்டச் சொன்னேன். கறுப்பாக இருந்தாலும் மோர் போல வெள்ளை நுரை இல்லை, தண்ணீர் கலக்கவில்லை. விலையும் பரவாயில்லை.

"ஆர்சி இருக்கானு கேளு" என்றேன்.

கடைக்காரர் சிரித்தது வீடியோவில் நன்றாகவே தெரிந்தது. "பில்லு வேணா போட்டுத் தர்றேன் தம்பி. ஆர்சிக்கு நான் எங்க போக?"

இஞ்சின் நம்பர் பொறித்த இடத்தைத் துடைத்துக் காட்டச் சொன்னேன். துரு. கடைசி எண்கள் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி விபத்தில் போனதா, களவில் போனதா, கடன் பாக்கியில் போனதா, ஒன்றும் தெரியாது. எத்தனை இஞ்சின் வேண்டுமானாலும் இந்த ஊரில் கிடைக்கும். பூர்வீகம் தெரிந்த இஞ்சின்தான் கிடைப்பதில்லை.

நவம்பர் 17

டாக்டர் பேசினார். டிசம்பர் நடுவில் 90 வரவில்லையென்றால் மயக்கம் கொடுத்து மடக்கிப் பார்க்கலாமாம். "சின்ன விஷயம்தான்" என்றார். அவருக்கு.

நவம்பர் 19

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. காலையிலிருந்து இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆர்சியில் இருக்கும் விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் சொன்ன விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையேதான் அழுத்திச் சொன்னது. இஞ்சின் மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

சரி, அங்கே போகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறக்கிறார். ஆர்சியில் 993. கீழே 1298. அதே மாருதி, அதே பெட்ரோல், அதே ஜி குடும்பம் என்று நான் வம்சாவளி சொல்லலாம். அவர் பார்ப்பது ஒரு எண், அது பொருந்துகிறதா என்பது, அவ்வளவே.

"யாருங்க பானட்டைத் திறந்து பாக்குறாங்க?" என்கிறார் அண்ணன். திறக்க மாட்டார்கள்தான், ஒருநாள் யார் மீதாவது மோதும் வரை. மோதினால் முதலில் திறந்து பார்ப்பவர் இன்சூரன்ஸ் சர்வேயர். எதிரே விழுந்து கிடப்பவருக்குக் கிடைக்க வேண்டிய பணம் என் ஆசையால் சிக்கலில் மாட்டும். விழுந்து கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். என்னை இடித்துவிட்டுப் போன வண்டிக்கு எந்தக் காகிதமும் இல்லை.

நவம்பர் 20

1298ஐக் காலண்டர் தாளில் அடித்துவிட்டேன்.

நவம்பர் 21

அடித்த கோடு மெலிதாகத்தான் இருக்கிறது. படிக்க முடிகிறது.

நவம்பர் 23

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்த நாட்கள் ஞாபகம் வந்தன. அந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் ஃபார்முலா மாருதி செய்தார். பின்னால் உட்கார்ந்திருந்தது மாருதி 800 இஞ்சின், மூன்று சிலிண்டர், 796 சிசி. கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகிற காரின் இஞ்சின். அதை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே ரேஸ் ஓட்டக் கற்றுக்கொண்டது. அவர் 1997இல் விமான விபத்தில் போனார். என் ஜென்னும் அந்த வருஷத்துப் பிறவி.

796 போதுமாக இருந்தது அவர்களுக்கு. எனக்கு 993 போதவில்லையாம்.

நவம்பர் 24

போதவில்லை என்று யார் சொன்னது? மருதமலை ஏற்றத்தில் ஏசியோடு நான்கு பேர் ஏறிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

நவம்பர் 27

81. பிசியோ கைதட்டினார். கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நேற்று முன்தினம் முதல் வேறு ஒரு யோசனை. ஜென்னுக்கே பின்னால் எம்பிஎஃப்ஐ வந்தது. அதே 993, ஆனால் 60 குதிரை. 2003இல் முகம் மாற்றுவதற்கு முந்தைய 2001, 2002 ஜென் ஒன்று, ஓடாமல் எங்காவது நின்றுகொண்டிருந்தால் போதும். பாடி ஒன்றே. அதன் டேங்க் இதில் உட்காரும், வயரிங் அதே வழியில் ஓடும், ரேடியேட்டர் அதே இடத்தில் மாட்டும், மவுண்ட் வெட்டி ஒட்ட வேண்டாம். ஆர்சியில் சிசி மாறாது, எரிபொருள் மாறாது, கம்பெனி மாறாது. மாறுவது இஞ்சின் நம்பர் மட்டும், அதையும் நேராகப் போய் எழுதி வாங்கலாம். முன் அனுமதி கேட்டு மனுவும் எழுதிவிட்டேன். அந்த வண்டியின் ஆர்சியை முறையாக ரத்து செய்து, அந்தக் காகிதத்தோடு இஞ்சினை வாங்க வேண்டும். ஓனர் உயிரோடு இருக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், கடன் பாக்கி இருக்கக் கூடாது.

10 குதிரைக்கு இவ்வளவா என்கிறாள் மனைவி. குதிரைக்கு இல்லை என்றேன். வேறு எதற்கு என்று கேட்டாள். இட்லி ஆறுகிறது என்றேன்.

நவம்பர் 29

மழை. இரண்டு இடத்தில் விசாரித்ததில், ஒன்று ஏற்கெனவே வெட்டியாயிற்று. மற்றொன்றின் ஓனர் துபாயில்.

டிசம்பர் 1

கணக்கு. மறுபதிவு 2027இல் வருகிறது. இருபது வயது தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் பசுமை வரி. அதற்கு மேல் டிங்கர், பெயிண்ட். எல்லாம் கூட்டினால் காரின் விலையைவிட அதிகம். எப்போதோ அதிகமாகிவிட்டது, இன்றுதான் தாளில் எழுதிப் பார்த்தேன். அக்காவிடம் சொன்னால் விற்றுத் தொலை என்பாள், ஆகவே சொல்லவில்லை.

விற்றால் வாங்குபவன் உக்கடத்தில்தான் இருப்பான். அந்தப் பூனை அதன் பானட் மேல் படுக்கும்.

டிசம்பர் 3

கார்த்திகை. போர்ட்டிகோ முழுக்க விளக்கு. காருக்குப் பக்கத்தில் வைக்காதே, பெட்ரோல் கசிகிறது என்று கத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு நானே வாக்கரைப் பிடித்து வாசல் வரை நடந்துபோய் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொரி உருண்டை கொடுத்தார்கள்.

டிசம்பர் 5

84இல் நிற்கிறது. நேற்றும் 84. வீக்கம் வேறு. இன்று யாரோடும் பேசவில்லை. இஞ்சின் பற்றியும்.

டிசம்பர் 6

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் 2002 ஜென். கிளட்ச் போய் ஷெட்டில் நிறுத்தி வைத்ததாம். ஓனர் ரிட்டையர்ட் வாத்தியார், ஆர்சி அவர் பெயரிலேயே இருக்கிறது, கடன் இல்லை. வண்டியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். போனில் பேசினேன். "இஞ்சின் மட்டும் எடுத்துட்டுப் போயிட்டா மீதி என்ன ஆவும் தம்பி?" என்று கேட்டார். முழு வண்டியாகவே எடுத்துக்கொள்கிறேன், ஆர்சியை ரத்து செய்ய நீங்கள் ஒருநாள் வர வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசிக்க வேண்டியவர்தான்.

நாளை மாப்பிள்ளையும் அண்ணனும் போகிறார்கள். கம்ப்ரஷன் கேஜ், டார்ச், ஒரு புது பேட்டரி. நான்கு சிலிண்டரின் எண்ணையும் உடனே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இஞ்சின் நம்பரை மாவு தடவிப் படம் எடுக்க வேண்டும், அப்போதுதான் எழுத்து தெளிவாக விழும்.

டிசம்பர் 7, ஞாயிறு

11.20: 180, 180, 175, 180!

11.45: நம்பர் ஆர்சியோடு பொருந்துகிறது.

12.10: மாப்பிள்ளை கூப்பிட்டான். வாத்தியார் சம்மதம், காபி கொடுத்தார், விலை பேச அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் சரி. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, பக்கத்து ஷெட்ல ஒரு எஸ்டீம் நிக்குது. 85தான். ஆர்சியும் இருக்காம்."

வை போனை என்றேன்.

12.25: விலை கேட்கச் சொல்லவில்லை. அவனே கேட்டு அனுப்பியிருக்கிறான்.