நாளைக்கு வலது கை

இரண்டாவது முறை கருவுற்று 20 வாரங்கள் ஆகின்றன. மதுரையிலிருந்து அம்மா ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் "டிடி ஊசி போட்டுட்டியாடி?" என்று கேட்கிறார். இங்கே லண்டனில் எனக்கு நாளைதான் ஊசி. அதுவும் அம்மா நினைக்கும் ஊசி அன்று, கக்குவான் இருமலையும் தடுக்கும் ஊசி. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு முன்பு ரண ஜன்னிக்கு மட்டுமான ஊசி போட்டார்கள். இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். தமிழில் எழுதினால் பழையதும் டிடி, புதியதும் டிடி என்பதால் மாற்றமே பலருக்குத் தெரியாது. இரண்டிலும் கக்குவான் இருமலுக்கான மருந்து கிடையாது. அதையும் சேர்த்துக்கொண்ட டிடாப் ஊசியை அங்கே தனியார் மருத்துவர்கள்தாம் பரிந்துரைக்கிறார்கள்.

கக்குவான் என்றதும் அம்மாவுக்கு நினைவு வருவது, தெருவில் கழுதையை ஓட்டிவந்து பாலாடை அளவில் பால் கறந்து விற்றவர்களும், இருமி இருமி முடிவில் 'ஊப்' என்று மூச்சை இழுத்த பக்கத்து வீட்டுப் பையனும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு அந்த ஓசை பெரும்பாலும் வருவதில்லை என்பதை அவருக்கு விளங்கவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. குழந்தை பெரிதாக இருமாமலே திடீரென மூச்சு நின்று நீலம் பாரித்துப்போகலாம். சாதாரணச் சளி என்று வீட்டில் இருப்பவர்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே நிலைமை கைமீறிவிடலாம்.

இங்கிலாந்தில் குழந்தைக்குக் கக்குவானுக்கு எதிரான முதல் ஊசி எட்டாவது வாரத்தில்தான் போடப்படுகிறது. அதுவரை குழந்தைக்குக் காப்பு, தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகச் செல்லும் எதிர்ப்புப் பொருள்கள் மட்டுமே. சிறு வயதில் தாய் போட்டுக்கொண்ட ஊசியின் வலு காலப்போக்கில் தேய்ந்துவிடுவதால், கர்ப்பகாலத்தில் மீண்டும் போட்டு அதை உயர்த்துகிறார்கள். அவ்வாறு உயர்ந்ததும் நிலைப்பதில்லை என்பதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டியிருக்கிறது. "மூத்தவனுக்குப் போட்டதே போதாதா?" என்ற அம்மாவின் அடுத்த கேள்விக்கும் இதுதான் விடை.

இந்த ஏற்பாடு 2012 அக்டோபரில், கக்குவான் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தபோது அவசரமாகத் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டில் இங்கிலாந்தில் 14 பச்சிளங்குழந்தைகள் கக்குவானால் இறந்தன. 28ஆம் வாரத்திலிருந்து என்று முதலில் வகுத்திருந்த காலத்தை 2016இல் 16ஆம் வாரத்திலிருந்து என மாற்றினார்கள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கும் எதிர்ப்புப் பொருள் போய்ச்சேர அவகாசம் கிடைக்கும், தாய்க்கும் ஊசி தவறிப்போகாது. பிறந்த முதல் வாரங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் காப்பு கிடைப்பதாக இங்குள்ள கணக்குகள் காட்டின. எனினும், ஒரு காலத்தில் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்த, ஊசி போட்டுக்கொள்ளும் கர்ப்பிணிகளின் பங்கு பின்னர் 60க்கும் கீழே இறங்கியது. 2024இல் நோய் திரும்பிவந்தபோது 11 குழந்தைகள் இறந்தன. ஊசி கிடைக்காத நாட்டில் நடந்திருந்தால் வருத்தத்தோடு விட்டிருப்பேன். இலவசமாகக் கிடைக்கும் ஊரில் நடந்ததால் கோபம் வருகிறது.

அந்தக் கோபத்தைத் தாய்மார்கள்மீது மட்டும் காட்டவும் மனம் வரவில்லை. முதல் கர்ப்பத்தின்போது, 31ஆம் வாரம்வரை என்னிடம் யாரும் இதைப்பற்றிப் பேசவில்லை. பேறுகாலம் பார்க்கும் மிட்வைஃப், குடும்ப மருத்துவரான ஜிபி சொல்லியிருப்பார் என்று நினைத்தார். ஜிபி அலுவலகம் மிட்வைஃப் சொல்லியிருப்பார் என்று நினைத்தது. காத்திருப்பு அறைச் சுவரில் இருந்த சுவரொட்டியைப் பார்த்து நானே கேட்ட பிறகு, செவிலியர் பத்து நிமிடங்களில் இடது தோளில் ஊசியைப் போட்டு, பதிவேட்டில் தேதியைக் குறித்துக் கொடுத்தார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது என்று சொல்லியிருந்த நாள்கள் அவை. இரண்டு இரவுகள் அந்தக் கையின்மீதே படுத்து, வலியில் புரண்டுகொண்டிருந்தேன்.

நாளைக்கு வலது கையை நீட்டுவதாக இருக்கிறேன்.