லித்தியம் சாப்பிடுகிறவர்கள் பேசிக்கொள்வது

எனக்கு இருமுனைக் கோளாறு, மனம் சில காலம் அளவுக்கு மீறித் துள்ளும், சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்துவிடும் நோய். லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். மருந்தை எழுதிக் கொடுத்தது என் டாக்டர். அதை விடாமல் சாப்பிட வைத்தது மதுரையில் மாதாமாதம் கூடும் எங்கள் குழு. எல்லோருமே மனநோயோடு வாழ்கிறவர்கள்.

டாக்டரை நான் குறை சொல்லவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது ஒருவருக்கு அவரால் சில நிமிடம்தான் ஒதுக்க முடியும். லித்தியத்தால் கை லேசாக நடுங்கும் என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் விருந்தாளி முன்னால் காபி தளும்பும்போது மாமியார் பார்க்கிற பார்வைக்கு என்ன செய்வது? அதைக் குழுவில் ஒரு அக்காவிடம்தான் கேட்க முடிந்தது. "தட்டுல வெக்காத, ஆடுற சத்தமே பயத்தைக் கூட்டும். முக்கால் டம்ளர் ஊத்தி ரெண்டு கையாலயும் குடு, மரியாதைன்னு நெனச்சுக்கிருவாங்க. ஆனா நடுக்கம் திடீர்னு ஜாஸ்தியானா அன்னைக்கே டாக்டர்ட்ட போயிரணும்" என்றார்.

வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும், அது விஷமாகவும் ஆகலாம். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தண்ணீர் பாட்டில் இல்லாமல் கூட்டத்துக்குள் போகாதே என்று எனக்குச் சொன்னதும் அந்த அக்காதான். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் இப்யூபுரூஃபன் கேட்டு வாங்காதே, அதுவும் லித்தியத்தை ஏற்றும் என்பதும், லித்தியம் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்காகக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கும்வரை காலை மாத்திரையைத் தொடாதே என்பதும் அங்கே கேட்டு மனதில் நின்றவை.

நன்றாக இருக்கும் காலம்தான் ஆபத்தானது. "நல்லாத்தானே இருக்க, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் குழுவில் அப்படி நிறுத்திய ஒரு அண்ணன் இருக்கிறார். தூக்கம் போய், கடன் வாங்கி, நடத்த முடியாத இரண்டாவது கடையைத் திறந்த கதையை ஒளிக்காமல் சொல்வார். இப்போது மாத்திரையோடு முதல் கடையை நடத்துகிறார், மகளுக்குக் கல்யாணமும் முடித்துவிட்டார். புதிதாக வருகிற பையன்கள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த நோயோடு இந்த வயதுவரை இப்படி வாழலாம் என்பதற்கு அவர்கள் கண்ணால் காணும் முதல் ஆள் அவர்.

குஜராத் அரசு மனநல மருத்துவமனைகளில், மனநல சிகிச்சையின் தரத்தையும் நோயாளிகளின் உரிமையையும் மேம்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் குவாலிட்டி ரைட்ஸ் திட்டத்தின்போது, நோயிலிருந்து மீண்டவர்களுக்கே பயிற்சி கொடுத்துத் துணையாளர்களாக அமர்த்தினார்கள். நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் புறநோயாளிப் பிரிவுக்கு வெளியே அப்படி ஒருவர் உட்கார வேண்டும். சேவை என்று சொல்லிச் சும்மா விட்டுவிடாமல் சம்பளமும் தர வேண்டும்.

எங்கள் குழுவில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. மாத்திரையின் அளவைக் கூட்டு, குறை என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. யாராவது சாவைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியாக அனுப்புவதில்லை. வீட்டாருக்கும் டாக்டருக்கும் சொல்லிவிட்டு, வீட்டார் வந்து சேரும்வரை கூடவே இருப்போம். ராத்திரி நேரமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. தமிழிலேயே பேசுவார்கள்.