முரசுக்கு எவ்வளவு, துப்பாக்கிக்கு எவ்வளவு

என் படிவத்தில் நான்காவது கேள்வி, ராணுவத்தில் என்ன வேலை, எந்த ஆயுதம் என்பது. ஏழாவது, ராணுவத்துக்கு வெளியே பலத்த சத்தத்தில் இருந்ததுண்டா என்பது. முன்னாள் படைவீரர்களின் காதைச் சோதிக்கும் செவித்திறன் நிபுணராக அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதிக்கு வேலைக்கு வந்த முதல் வருடத்தில், ஏழாவது கேள்விக்குப் பெரியவர்கள் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன: இரும்பாலை, மான் வேட்டை, மரம் அறுக்கும் ரம்பம். அதனால் ஒருவர் "டிரம் கோர்" என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிரம்மும் பியூகிள் என்ற ஊதுகொம்பும் வாசித்தபடி அணிவகுக்கும் குழு அது என்று பிறகுதான் தெரிந்தது.

எழுபதை நெருங்கியவர், வியட்நாம் போர்க்காலத்துச் சிப்பாய். கோர் என்றதும் ஏதோ படைப்பிரிவு என்று எண்ணி நான்காவது கேள்விக்குக் கீழே எழுதப் போனேன். "இல்லை டாக்டர், அது ராணுவத்துக்கு முன்னால். அப்புறம் ராணுவத்துக்குப் பின்னாலும்தான்" என்றார். மேசையில் கிடந்த இரண்டு பேனாக்களை எடுத்துக்கொண்டார். வலது கையில் ஒன்றைச் சுத்தியல் பிடிப்பதுபோலப் பிடித்தார். இடது உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்பி, கட்டைவிரல் இடுக்கில் இன்னொன்றைச் செருகி, மோதிர விரலின் மேல் கிடத்தினார். அந்தக் காலத்தில் டிரம்மைத் தோள்பட்டையிலிருந்து சாய்வாகத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார்கள். அதன் இடது விளிம்பு உயர்ந்து நிற்கும். இடது கை அப்படித் திரும்பினால்தான் தோலை எட்டும். என் கோப்பின் அட்டையில் மிக மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, ஒரே இழையாக ஓடும் உருட்டு ஒன்றை வாசித்தார். பேனாதான், அட்டைதான். ஆனாலும் அறைக்கு வெளியே போய்க்கொண்டிருந்த செவிலியர் நின்று கேட்டார்.

ஃப்ளாம், பாராடிடில், ராட்டமாக்யூ என்று ஒவ்வொரு அடிமுறைக்கும் பெயர் சொன்னார். பெயரைச் சொன்னாலே தாளம் வந்துவிடுகிறது. மிருதங்கத்தின் சொற்கட்டு கேட்டு வளர்ந்தவளுக்கு இதில் வியப்பில்லை, சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்ததுபோல மகிழ்ச்சிதான் இருந்தது. அவர் கற்ற காலத்தில் இந்த அடிப்படைப் பாடங்கள் 26. அந்தப் பட்டியலுக்கு வழிவகுத்த சங்கத்தை 13 டிரம்மர்கள் 1933-ல் சிகாகோவில் கூடித் தொடங்கினார்கள். அவர்கள் கூடியது அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் தேசிய மாநாட்டை ஒட்டி. டிரம் கோர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் 1919-ல் அமெரிக்கன் லீஜனைத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் அதன் கிளைகளும், வி.எஃப்.டபிள்யூ. என்கிற இன்னொரு படைவீரர் சங்கத்தின் கிளைகளும் டிரம்மும் பியூகிளும் கொண்ட குழுக்களை அமைத்தன. அப்புறம் தங்கள் பிள்ளைகளுக்கும் தெருப் பையன்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்தன. இந்த இரு சங்கங்களும் நடத்திய போட்டிகளில் சீருடையும் பூட்ஸ் பளபளப்பும் சோதிக்கப்படும். கொடியோடு மைதானத்தைக் கடக்கும் மரியாதைச் சடங்கு கட்டாயம். தவறுக்குப் பத்தில் ஒரு மதிப்பெண் வீதம் கழிப்பார்கள். அந்தப் பிடியிலிருந்து விலகிக் குழுக்களே சேர்ந்து டி.சி.ஐ. என்ற தங்கள் அமைப்பைத் தொடங்கி, 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டரில் முதல் போட்டியை நடத்தின. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அதற்கு முந்தைய தலைமுறை.

என் முன்னால் இருந்தவர் ஒன்பது வயதில் டிரம் கையில் எடுத்தவர். 1969 டிசம்பர் 1 அன்று கட்டாய ராணுவச் சேவைக்காகப் பிறந்த தேதிகளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். 366 தேதிகள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அடுத்த ஆண்டு 195-ஆம் எண் வரை அழைத்தார்கள். இவருடைய எண் நாற்பதுக்குள். அவருடைய குழுவில் ஸ்நேர் டிரம் வாசித்த ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே கோடையில் போனார்கள். "அணிவகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு டாக்டர். யாராவது இல்லையென்றால் அந்த இடத்தை மூடமாட்டோம். பள்ளத்தை விட்டுவிட்டுத்தான் நடப்போம். அந்த வருடம் மைதானத்தில் பள்ளம்தான் அதிகம்" என்றார்.

பயிற்சி முகாமில் இடது காலா வலது காலா என்று மற்றவர்கள் தடுமாறியபோது இவருக்கு ஒன்றும் புதிதாக இல்லை. பூட்ஸ் துடைப்பது, வரிசையில் தோளோடு தோள் சேர்ப்பது, திட்டு வாங்கும்போது கண்ணிமைக்காமல் நிற்பது எல்லாமே லீஜன் கூடத்தில் பழகியவை. ராணுவ இசைக்குழுவுக்கு விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. காலாட்படைக்குப் போட்டார்கள். ஓர் ஆண்டு வியட்நாமில் இருந்தார். திரும்பி வந்ததும் பெரியவர்கள் குழு ஒன்றில் சேர்ந்து முப்பது வருடம் வாசித்தார்.

பிறகு ஒலி புகாத அறையில் அவரை உட்காரவைத்துப் பரிசோதித்தேன். டிரம்மர்களைப் பரிசோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பீப் ஒலியைச் சீரான இடைவெளியில் கொடுத்தால், கேட்காவிட்டாலும் கை தானாக அந்த நேரத்தில் பொத்தானை அழுத்திவிடும். ஏமாற்றும் எண்ணம் கொஞ்சமும் இருக்காது, தாளம் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். இடைவெளியைக் கலைத்துக் கலைத்துக் கொடுத்தேன். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில் கோடு செங்குத்தாக இறங்கி, 8000-ல் கொஞ்சம் ஏறியது. சத்தத்தால் கெட்ட காதின் அடையாளம் அது. இடது காது வலதைவிட மோசம்.

வலது தோளில் துப்பாக்கியை ஊன்றிச் சுடுகிறவருக்கு இடது காதுதான் குழல் முனையைப் பார்த்திருக்கும். வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும். எம்-16 துப்பாக்கி சுடும்போது எழும் உச்சம் ஏறத்தாழ 157 டெசிபல். காது தாங்கும் எல்லை 140. சரி, துப்பாக்கிதான் என்று தோன்றும். ஆனால் இவர் டிரம் வரிசையில் வலது கோடியில் நின்றவர். மற்ற டிரம்கள் எல்லாம் இடது பக்கம். 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடம் இருந்தாலே அன்றைய அளவு தீர்ந்தது என்பது எங்கள் கணக்கு. இவர்கள் வார இறுதி முழுக்க வாசித்தவர்கள். இரண்டு கதைகளும் ஒரே காதைத்தான் காட்டின.

அன்று நான் எழுத வேண்டியிருந்தது மருத்துவக் குறிப்பு மட்டும் அல்ல. இழப்பீடு கேட்டிருந்தார். இந்தக் கேள்திறன் இழப்பும் காதிரைச்சலும் ராணுவச் சேவையால் வந்திருக்கப் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு உண்டா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். சான்றுகள் சரிசமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கு. இதுதான் விதி.

பாதிக்கும் குறைவு என்று எழுதினேன். முப்பது வருட டிரம்மைக் காரணமாகக் காட்டினேன்.

சில மாதங்கள் கழித்து, விளக்கம் கேட்டு அந்தக் கோப்பு திரும்பி வந்தது. எங்கள் மருத்துவமனையின் மூத்த நிபுணர், ஓய்வுபெறும் நிலையில் இருந்த அம்மையார், என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். 1970-ல் படையில் சேர்ந்த அன்று எடுத்த ஆடியோகிராம், அதாவது காது சோதனை வரைபடம், இருந்தது. எல்லா அலைவரிசைகளிலும் இயல்பு, 4000-லும் இயல்பு. ஒன்பது வயதிலிருந்து வாசித்த டிரம் அதுவரை அந்தக் காதில் அளவிடத்தக்க கீறல் எதையும் போட்டிருக்கவில்லை. படையிலிருந்து விடுவித்த நாளின் தாளில் 15/15 என்று இருந்தது. 15 அடி தள்ளி நின்று ஒருவர் கிசுகிசுப்பார், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அந்தச் சோதனை. 4000 ஹெர்ட்ஸில் விழுந்த பள்ளம் அதில் தெரிய வராது. ஆகவே படையை விட்டு வந்தபோது காது நன்றாக இருந்தது என்பதற்குச் சான்றே இல்லை.

"இரைச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்டாயா?" என்றார் அம்மையார். கேட்டிருந்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 1971, வியட்நாம், நின்று போகவே இல்லை. நானே எழுதிவிட்டு நானே படிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஏன் விட்டேன் என்று பல நாள் யோசித்தேன். அன்று எட்டுப் பேரைப் பார்க்க வேண்டியிருந்தது உண்மை, ஆனால் அது காரணமில்லை. ராணுவத்தைப் பற்றிக் கேட்டபோது இரண்டு வரியில் முடித்தவர், டிரம் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசினார். நான் எழுதிக்கொண்டே போனேன். தாளில் எது நீளமாக இருந்ததோ அதுவே கனமாகவும் தெரிந்தது. ஒரு மனிதர் வாழ்க்கையில் எதைச் சந்தோஷமாகச் சொன்னாரோ அதையே அவருக்கு எதிராகத் திருப்பிவிட்டேன். கூடுதல் அறிக்கையில் என் முந்தைய கருத்து தவறு என்றும், குறைந்தது பாதி வாய்ப்பு உண்டு என்றும், காரணங்களை வரிசையாகச் சொல்லியும் எழுதிக் கொடுத்தேன். முடிவு என்ன ஆனது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

அதற்கடுத்த ஆகஸ்டில் ஆலன்டவுனில் ஜே. பர்னி கிரம் மைதானத்துக்கு டிரம் கோர் போட்டி பார்க்கப் போனேன். ஒலிமானியை எடுத்துப் போயிருந்தேன். முன்வரிசையில் அது 100-ஐத் தாண்டி நின்றது. ஆனால் அன்று நான் அதிகம் பார்த்தது பார்வையாளர்களைத்தான். தலைநரைத்த ஆண்கள் பலரின் தொப்பியில் இரண்டு பட்டன்கள் இருந்தன: ஒன்று பழைய குழுவின் சின்னம், இன்னொன்று படைப்பிரிவின் சின்னம். யாரும் அவற்றை வெவ்வேறு தொப்பியில் குத்தியிருக்கவில்லை. நான்காவது கேள்வி, ஏழாவது கேள்வி என்று பிரித்துக் கேட்டதெல்லாம் எங்கள் படிவத்தின் வசதிக்குத்தான். போரிலிருந்து வந்தவர்கள் டிரம் கற்றுக்கொடுத்தார்கள், கற்றவர்கள் போருக்குப் போனார்கள், திரும்பியவர்கள் மீண்டும் டிரம்மை மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ஒரே நடை.

இப்போது இளையவர்களும் வருகிறார்கள். டி.சி.ஐ. குழுக்களில் வயது வரம்பு முடிந்ததும் சிலர் கடற்படைக் காலாட்படையின் சொந்த டிரம், பியூகிள் குழுவுக்கு வாசித்துக் காட்டித் தேர்வாகப் பார்க்கிறார்கள். 1934-ல் உருவான குழு அது. அதில் சேர வாசிப்பு மட்டும் போதாது, மற்ற மரீன்களைப்போலவே பயிற்சி முகாமை முடித்து, துப்பாக்கி சுடவும் தேற வேண்டும். அவர்களுக்குக் காதடைப்பான் இருக்கிறது, சீராகக் காது சோதனையும் நடக்கிறது. கோப்பைத் திறந்தால் எந்த வருடம் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். அந்த வசதி எழுபது வயதுக்காரர்களுக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

போன இலையுதிர் காலத்தில் வந்தவர் பியூகிள்காரர். 1960-களில் ஒரு லீஜன் குழுவில் வாசித்து, பிறகு பீரங்கிப் படையில் இருந்தவர். இழப்பீட்டுக்காக வரவில்லை, காது கேட்கும் கருவிக்காக வந்தார். படைவீரர்களின் இறுதிச் சடங்கில் 'டாப்ஸ்' என்ற விடைகொடுக்கும் மெட்டை வாசிக்கிறார். 24 சுரங்கள்தான். 2000 முதல், தகுதியுள்ள படைவீரரின் குடும்பம் கேட்டால் சீருடையில் இருவராவது வந்து கொடியை மடித்துக் கொடுத்து டாப்ஸ் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது சட்டம். வாசிக்க ஆள் போதாமல், பியூகிளுக்குள் ஒலிப்பதிவுக் கருவியைச் செருகி வாயில் வைத்துக்கொள்கிற நிலைமை வந்தது. அது கூடாது என்று, கட்டணமில்லாமல் நேரில் வாசிக்க முன்வந்தவர்களில் பழைய டிரம் கோர்காரர்கள் நிறைய. இவரும் அப்படித்தான். சில வாரங்களுக்கு முன் ஒரு கல்லறைத் தோட்டத்தில் அதிகாரி கொடுத்த கட்டளை காதில் விழாமல் சில நொடிகள் பிந்திவிட்டாராம். "இறந்தவர் வீட்டு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

கருவியைப் பொருத்தி அனுப்பினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். பேச்சு நன்றாகக் கேட்கிறது, ஆனால் பியூகிளின் நீண்ட சுரம் நடுங்குகிறது, தன் உதடுதான் போய்விட்டதோ என்று பயந்துவிட்டதாகச் சொன்னார். உதட்டில் பழுதில்லை. கருவிக்குள் விசில் சத்தத்தை அடக்க ஒரு வசதி இருக்கிறது. நீளமாக, சுத்தமாக ஒலிக்கும் எந்தச் சுரத்தையும் அது விசில் என்று எண்ணி அடக்கப் பார்க்கும். அந்தப் போராட்டம்தான் நடுக்கமாகக் கேட்டது.

மடிக்கணினியோடு அவரை மருத்துவமனையின் பின்பக்கக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போனேன். பேச்சுக்கு ஓர் அமைப்பை அப்படியே விட்டுவிட்டு, பியூகிளுக்கு என்று தனி அமைப்பு ஒன்றைச் செய்தேன். அதில் விசில் அடக்குவதை முழுக்க நிறுத்தினேன். கட்டளை கேட்டதும் காதுக்குப் பின்னால் ஒரு தட்டு, அப்புறம் வாசிக்கலாம். அவர் காரின் பின்னிருக்கையிலிருந்து பியூகிளை எடுத்தார். குதிகால்களைச் சேர்த்து நின்றார். நான் சற்றுத் தள்ளிப் போய், கட்டளைக்குப் பதிலாக மெல்லிய குரலில் "சரி" என்றேன். உடனே கை காதுக்குப் போனது. 24 சுரங்களையும் அவசரமில்லாமல் வாசித்தார். கடைசிச் சுரத்தை மூச்சு இருக்கும் வரை பிடித்து நிறுத்தினார்.

பியூகிளைக் கீழே இறக்கியதும் என்னைப் பார்த்து, "நடுங்கவில்லை" என்றார்.