இடது கன்னம்

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். அத்தை காரிடாரில் சின்ன அடுப்பை வைத்துப் பால் பொங்கவிட்டார். சமையலறையில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவராகவே வெளியே தூக்கிக்கொண்டு போனார். பால் அலர்ஜி உள்ளவர்களில், பால் கொதிக்கும் ஆவியிலேயே மூச்சிரைப்பு வந்த பிள்ளைகள் உண்டு. நானும், வீட்டில் தம்பி என்று கூப்பிடும் என் மகனும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்தபடியே "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினான். அவனுக்குத் தேங்காய்ப்பாலில் தனிப் பொங்கல், தனிச் சட்டி. சிவப்புப் பிடி போட்ட கரண்டி.

ஜனவரி 16

தம்பியின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

மாணவர்களுக்கு இன்று பால் ஜெல், பாலின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் பாடம். ஒவ்வோர் ஆண்டும் நான்தான் தயார் செய்கிறேன். பாலில் பல மடங்கு தண்ணீர் சேர்த்து, எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளைக் கலந்து, 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, ஜெல்லில் ஏற்றி, 150 வோல்ட்டில் ஓட விட வேண்டும். அப்புறம் கூமாசி நீலம், புரதத்தில் ஒட்டும் சாயம். முதலில் ஜெல் முழுக்க ஒரே நீலமாகத்தான் இருக்கும். கழுவக் கழுவக் கோடுகள் தெரிய வரும். மேலே 66 கிலோடால்டன் (புரதத்தின் எடை அளவு) பக்கம் மெல்லிய கீற்று, அது ஆல்புமின். 25க்கும் 37க்கும் நடுவில் கறுத்துத் தடித்துக் கிடப்பவை கேசீன்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. 18இல் பீட்டா லாக்டோகுளோபுலின். 14இல் ஆல்ஃபா லாக்டால்புமின்.

"இதுல எது அக்கா அலர்ஜி கொடுக்கறது?" என்று ஒரு பையன் கேட்டான்.

ஜெல் அதைச் சொல்லாது என்றேன். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் அது காட்டும். யாரைக் கண்டு உடம்பு பயப்படுகிறது என்று தெரிய வேண்டுமானால் இந்தக் கோடுகளை அப்படியே ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றி, அதன்மேல் அலர்ஜி உள்ளவரின் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீரை, ஊற்ற வேண்டும். அதில் இருக்கும் ஐ.ஜி.ஈ. என்ற அலர்ஜி எதிர்ப்பொருள் போய் எந்தக் கோட்டில் ஒட்டிக்கொள்கிறதோ அதுதான். எல்லாருக்கும் ஒரே கோடா என்று கேட்டான். இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கே மூன்று நான்கு கோடுகளிலும் ஒட்டலாம்.

சொல்லி முடித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

வந்துவிட்டது.

ஒவ்வொரு பால் புரதத்துக்கும் அவன் இரத்தத்தில் எவ்வளவு ஐ.ஜி.ஈ. என்ற எண்கள். ஆல்ஃபா லாக்டால்புமின் 0.9. பீட்டா லாக்டோகுளோபுலின் 0.35க்கும் கீழே, கிட்டத்தட்ட இல்லை. கேசீன் 4.2. போன வருடம் கேசீன் 11.6.

பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஆனால் மூன்றில் இன்னும் உயர்ந்து நிற்பதும் அதுதான். மற்ற இரண்டும் உருண்டையாக மடிந்த புரதங்கள். சூடு பட்டால் மடிப்புக் குலைந்துபோகும், ஐ.ஜி.ஈ.க்கு அடையாளம் தெரியாமல் போய்விடும். கேசீனுக்கு அப்படிக் குலைய ஒன்றும் இல்லை. அது முதலிலிருந்தே அவிழ்ந்து கிடக்கும் நூல். கொதிக்க வைத்தாலும் நூல்தான். பால் புரதத்தில் 80 சதவீதம் அது.

எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவுகட்டாதீர்கள் என்றார் டாக்டர். எதிர்ப்பொருள் இருக்கிறது என்றுதான் எண் சொல்லும், சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதைச் சாப்பிட வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிப்ரவரி 18, வார்டில்.

ஜனவரி 21

4.2.

ஜனவரி 24, வெள்ளி

தூக்கம் இல்லை. மணி மூன்று.

தாய்ப்பாலில் பீட்டா லாக்டோகுளோபுலின் கிடையாது. மனிதப் பாலில் அப்படி ஒரு புரதமே இல்லை. ஆனால் மாட்டுப்பால் குடிக்கும் தாயின் பாலில் அது துளியிலும் துளியாகத் தென்படும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள், மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில். தாய்ப்பால் கொடுத்த அந்த ஐந்து மாதமும் நான் தினமும் தயிர் சாப்பிட்டேன். பால் ஊறும் என்று அத்தை ராத்திரி ராத்திரி ஒரு டம்ளர் பால் கொடுத்தார். நான் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக முதல் பாட்டில் பால் கொடுத்த அன்றுதான் இடது கன்னத்தில் அந்தத் தடிப்பு வந்தது. ஒரு வெள்ளிக்காசு அளவு. நான் கொசு என்று நினைத்தேன். கொசு என்று நினைத்து இன்னும் இரண்டு வாய் கொடுத்தேன்.

டாக்டர் நூறு தடவை சொல்லிவிட்டார், நீங்கள் சாப்பிட்டதால் வந்தது இல்லை என்று. பகலில் நம்புகிறேன்.

அத்தையிடம் இதை ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்தப் பால் டம்ளரை அவர் எவ்வளவு ஆசையாகக் கொண்டுவருவார்.

ஜனவரி 29, புதன்

சீனப் புத்தாண்டு. கீழ்வீட்டு ஆன்ட்டி அன்னாசி டார்ட் டப்பாவின் மூடியில் டேப் ஒட்டி எழுதியிருக்கிறார்: வெண்ணெய், பையனுக்கு வேண்டாம். பையனுக்கென்று தனியாக இரண்டு ஆரஞ்சு, ஓர் அங் பாவ், பணம் வைத்த சிவப்பு உறை. லிஃப்டில் எப்போதோ ஒருமுறை சொன்னது. நினைவில் வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அலர்ஜிக்குக் காரணமானது இரத்தத்தில்தான் இருக்கிறது என்று முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இவர் கேட்டார். பிராஸ்னிட்ஸ், குஸ்ட்னர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், 1921. குஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய சீரத்தைப் பிராஸ்னிட்ஸ் தன் தோலிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றையும் ஏற்றினார். அந்த இடம் மட்டும் தடித்தது. அது என்ன பொருள் என்பது தெரிய 1966 வரை ஆயிற்று, இஷிசாகா தம்பதிதான் ஐ.ஜி.ஈ.யைப் பிரித்துக் காட்டினார்கள்.

இவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் கழித்து, "எனக்கு மாத்திக்க முடியும்னா நான் வாங்கிக்குவேன்" என்றார்.

பிப்ரவரி 6, வியாழன்

கடையில் தம்பி என் தே ஓ-வில் பிஸ்கெட்டைத் தொட்டுத் தின்றான். அவனுக்கு ஆகும் பிஸ்கெட், பால் இல்லாத தேநீர். கலக்கிய கரண்டி? முந்தின ஆளின் தே தாரிக்கை, பால் தேநீரை, கலக்கிய கரண்டியாக இருந்திருக்கும். பத்து நிமிடத்தில் இடது கன்னம். ஒரே ஒரு தடிப்பு. மருந்து கொடுத்தேன். அவசரத்துக்குப் போடும் எபிநெஃப்ரின் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடங்கிவிட்டது.

100 மில்லி பாலில் சுமார் 3.3 கிராம் புரதம். ஒரு டீஸ்பூனில் 165 மில்லிகிராம். கரண்டியின் முதுகில் ஒட்டியிருப்பது அதில் எத்தனையில் ஒரு பங்கு? கணக்குப் போட்டுப் போட்டு அடித்துவிட்டேன்.

4.2 என்றால் இதுதானா?

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

லீவு எடுத்தேன். தம்பி பெயரில் அத்தைக்குப் பால்குட வேண்டுதல். சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை அறுபத்தெட்டு வயதில் வெறுங்காலோடு நடந்தார். வீட்டில் அவனைத் தொடுவதற்கு முன் முழங்கை வரை கை கழுவுகிறவர், குடத்தின் வாயை மஞ்சள் துணியால் மூடி இரண்டு சுற்றுக் கயிறு கட்டியிருந்தார். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளியே நடந்தேன். துணியின் ஓரம் நனைந்திருந்தது. என் கண் அதைவிட்டு அகலவில்லை.

கூட்டத்தில் ஓர் அம்மா ஆட்டுப்பால் கொடுத்துப் பாரும்மா என்றார். எத்தனையாவது ஆள். ஆட்டின் கேசீனும் மாட்டின் கேசீனும் ஏறக்குறைய ஒன்று, மாட்டுப்பால் ஆகாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவும் ஆகாது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை திரும்பி, "அதுலயும் கேசீன் இருக்குங்க" என்றார். தலையில் குடத்தோடு.

வீட்டுக்கு வந்ததும் குளித்து, புடவையைத் தனியாக நனைத்துப் போட்டுவிட்டுத்தான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 13

இன்றிலிருந்து அலர்ஜி மருந்து நிறுத்தம். வார்டில் தடிப்பு வந்தால் மறைக்காமல் தெரிய வேண்டுமாம். ஐந்து நாள் கையில் ஒன்றும் இல்லாத மாதிரி.

பிப்ரவரி 15

காலையில் கன்னம் சிவந்திருந்தது. தலையணை மடிப்பு.

பிப்ரவரி 17, திங்கள்

மஃபின் சுட்டேன். அவர்கள் கொடுத்த அளவு, 180 டிகிரி, 30 நிமிடம். இந்தச் சமையலறையில் மூன்று வருடத்துக்குப் பிறகு பால் அளந்தேன், கை நடுங்கியது. சூட்டில் லாக்டோகுளோபுலின் உருக்குலைந்து கோதுமையோடு பின்னிக்கொள்ளும். கேசீனும் கொஞ்சம் மாவில் சிக்கிக்கொள்ளும் என்கிறார்கள். பச்சைப் பால் ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படிச் சுட்டதைத் தாங்குகிறார்கள், ஆனால் கேசீன் எண் கூடக் கூட அந்த வாய்ப்புக் குறையும். அவனுக்குப் பீட்டா மட்டும் உயர்ந்து கேசீன் இறங்கியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

வாசனைக்குத் தம்பி வந்து நின்றான். "எனக்காம்மா?" என்றான். நாளைக்கு என்றேன்.

அத்தை சிவப்புப் பிடிக் கரண்டியைக் கழுவித் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

8.50. எடை பார்த்தாயிற்று. இரத்த அழுத்தம், மூச்சு, தோல் எல்லாம் பார்த்தார்கள். ஊசி தட்டில் இருக்கிறது.

9.20. முதல் துண்டு, நகத்தளவு. நன்றாக இருக்கிறது என்கிறான்.

9.40. ஒன்றும் இல்லை. இரண்டாவது.

10.00. மூக்கைத் தேய்க்கிறான். ஏ.சி. காற்றா என்று தெரியவில்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, தொடரலாம் என்றார். மூன்றாவது.

10.20. நான்காவது, முன்னதைவிடப் பெரியது. இன்னும் கேட்கிறான். அத்தை வெளியே பெஞ்சில். இவர் அவனுடைய வலப்பக்கம், நான் இடப்பக்கம்.

10.31