பினாங்குப் பாலத்து ஜாமும் என் ஹைப்ரிட் காரும்

“எங்கேக்கா சார்ஜ் போடுறீங்க?” பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை இடத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். எங்கேயும் போடுவதில்லை. என்னுடையது கொரோலா கிராஸ் ஹைப்ரிட்; பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார். வயர் செருக அதில் இடமே கிடையாது. ஓடுவதற்கான சக்தி எல்லாம் பெட்ரோலில் இருந்துதான். அதில் வீணாகப் போவதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரியது என்பது அக்கரையில் உள்ள பிறை ஊரில் இருந்து தினமும் தீவுக்குப் போகிறவர்களுக்குப் புரியும். 13.5 கிலோமீட்டர் பாலம். 80-இல் போகலாம் என்று பலகை சொல்லும்; காலையில் 20-இல் நகர்ந்தாலே சாமி புண்ணியம். சாதாரண கார் இங்கேதான் எண்ணெயைக் குடிக்கும். நின்றாலும் ஊர்ந்தாலும் என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பலன் ஒன்றுமில்லை. மின்மோட்டாருக்கோ நின்ற இடத்தில் இருந்து இழுப்பதுதான் சுலபமான வேலை. அதனால் என் வண்டியில் ஊர்வதைப் பெரும்பாலும் மோட்டார் பார்த்துக்கொள்ளும், என்ஜின் தூங்கும். பிரேக்கை மிதித்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சூடாகிக் காற்றில் போயிருக்க வேண்டியதை பேட்டரிக்கு அனுப்பிவிடும். பிரேக் பேட் தேய்வதும் குறைவு.

அப்பா அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர். முதல் தடவை ஏறியபோது நடுப்பாலத்தில் சத்தம் நின்றதும், “என்ஜின் செத்துப்போச்சும்மா, ஓரங்கட்டு!” என்றார். ஏர்கோன் பாட்டுக்கு ஜில்லென்று வந்துகொண்டிருந்தது. அதன் கம்ப்ரசரும் மின்சாரத்தில் ஓடுவதுதான். நம் ஊர் வெயிலுக்கு இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன்.

பாலிக் பூலாவுக்கு மலை இறங்கும்போது பேட்டரி அடிவாரம் வருவதற்குள் நிறைந்துவிடும். அதற்கு மேல் பிடிக்க இடமில்லை; சின்ன பேட்டரிதானே. கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலையில் ஒரே சீராக 110-இல் போனாலும் மிச்சம் பெரிதாக இருக்காது. பிரேக் போட்டால்தானே திரும்பப் பிடிக்க!

ஆகவே எல்லாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். 2025 செப்டம்பர் கடைசியில் ரோன் 95 பெட்ரோல் மலேசியக் குடிமக்களுக்கு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் ஆனது, அப்போது மாதம் 300 லிட்டர் வரை. இந்த விலையில், வாரத்துக்கு இரண்டு நாள் சந்தைக்கும் கோயிலுக்கும் போகிறவர் ஹைப்ரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசை எப்போது மீட்பது? அவருக்கு மைவி மாதிரி சின்ன பெட்ரோல் கார் போதும். தினமும் ஜாமில் உட்காருகிறவர்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பேட்டரியைக் குளிர வைக்கும் காற்று பின்சீட்டுக்கு அடியில் உள்ள சல்லடை வழியாகத்தான் போகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் முறுக்குத் தூளும் அங்கேதான் போகிறது. பழைய ஹைப்ரிட் வாங்கப் போனால் முதலில் அந்தச் சல்லடையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் பேட்டரியைச் சோதித்த ரிப்போர்ட். இரண்டையும் காட்டத் தயங்குகிறவரிடம் விலையே பேச வேண்டாம்.