எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்

ரத்தப் பரிசோதனை நார்மல். இசிஜி நார்மல். ஸ்கேனும் நார்மல். ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் வந்தது. மகளுக்கோ முகம் வாடிப்போனது. ஒன்றுமில்லை என்று சொன்னதற்கு 13 வயதுப் பிள்ளை ஏன் அழுகிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எழுந்து நின்றால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் படுத்தே ஆக வேண்டும். மாலையானால் பளிச்சென்று இருப்பாள். அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறியா?" என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் புதிதாக எந்த டெஸ்ட்டும் எழுதவில்லை. அவளைப் பத்து நிமிடம் படுக்க வைத்து நாடியை எண்ணினார்: 76. அப்புறம் சுவரில் சாயாமல் நிற்கச் சொல்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே வந்தார். பத்தாவது நிமிடத்தில் 124. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. அந்தத் தாளை என்னிடம் நீட்டாமல் அவளிடம் நீட்டி, "நீ சொல்லிக்கிட்டிருந்தது இதுதானே?" என்றார். அந்தத் தாள் இன்னும் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

நோயின் பெயர் போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேடிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம். பாட்ஸ் (POTS) என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்ததே 1993-ல்தான். நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் தேங்க, அதை மேலே ஏற்ற இதயம் அடித்துப் பிடித்து ஓடுகிறது. வளரிளம் பிள்ளைகளுக்கு, நின்ற பத்து நிமிடத்துக்குள் 40 துடிப்பாவது கூடுகிறதா என்று பார்ப்பார்களாம்.

நிறையத் தண்ணீர், மருத்துவர் சொன்ன அளவுக்குக் கூடுதல் உப்பு (நாமாகக் கூட்டக் கூடாது), கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுவது, இறுக்கமான காலுறை. இதெல்லாம் பழகிவிட்டது. காலுறையை மட்டும் இன்றுவரை திட்டிக்கொண்டேதான் போடுகிறாள்.

பள்ளியில்தான் பாடு. வரிசையில் நிற்காமல் உட்கார அனுமதி வாங்கினோம், சரி. "உனக்கு மட்டும் ஏன் நாற்காலி?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? நோயின் முழுப்பெயரை அவளுக்கு மனப்பாடம் செய்து கொடுத்தேன். "அம்மா, அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் விழுந்துடுவேன்" என்றாள். கடைசியில் அவளே ஒன்று தயாரித்தாள்: "நின்னா என் இதயம் ஓட்டப்பந்தயம் ஓடும். உட்கார்ந்தா நடக்கும்."

அரை மணிக்கொரு முறை "எப்படி இருக்கு?" என்று நான் கேட்டதும் அவளுக்கு ஒரு நோயாகிவிட்டது. இப்போது நான் கேட்பதில்லை. முடியாவிட்டால் அவளே கையைத் தூக்குவாள். பாதி நாள் அவளைக் கவனிக்காதது போல, கேட்க வரும் வாயை அடக்கிக்கொண்டு இருக்கிறேன்.

போன வாரம் வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "பார்த்தா நல்லாத்தானே இருக்கே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "உட்கார்ந்திருக்கேன்ல, அதான்."